லிஸ்ட்ல பேர் இருக்கா அண்ணே?

லிஸ்ட் ஒட்டுவதற்கு முந்தின ராத்திரி ஹாக்கி ஆடுகிற பையன் எவனும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. கோவில்பட்டியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது கடலை மிட்டாய் ஊர், தீப்பெட்டி ஊர். உள்ளூரில் இதற்கு ‘ஹாக்கிப்பட்டி’ என்று இன்னொரு பெயர் உண்டு. வானம் பார்த்துப் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற கரிசல் பூமி. அதன் நடுவே கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல் மைதானம், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி, கோடையில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி. ராத்திரி லைட் வெளிச்சத்தில் ஆட்டம் என்றால், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடித்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் நேரே கேலரிக்கு வந்துவிடுவார்கள்.

நாம் இன்றைக்குப் பார்க்கப்போவது ஆட்டத்தை அல்ல. ஆட்டத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்து, ‘இவன் உள்ளே, அவன் வெளியே’ என்று பேர் எழுதுகிறார்களே, அந்த அறையை. சாவித் துவாரம் வழியாகத்தான் பார்க்க முடியும். சத்தம் போடாமல் வாருங்கள்!

முதலில் கணக்கு. களத்தில் ஆடுவது 11 பேர். ஒலிம்பிக்ஸ் என்றால் மொத்த அணியே 16 பேர்தான். மற்ற பெரிய போட்டிகளுக்கு 18, சிலவற்றுக்கு 20. கேம்ப்பில் இருப்பவர்களோ அதைப்போல இரண்டு மடங்கு. ஆக, பாதிப் பேர் பெட்டி கட்ட வேண்டும். கோல்கீப்பர் ஒருவரா இருவரா, பெனால்டி கார்னர் அடிக்க யார், அவருக்கு அடிபட்டால் அடுத்து யார் என்று ஒவ்வொரு பேருக்கும் ஒரு வழக்கு நடக்கும். கடைசி இரண்டு இடத்துக்குத்தான் உண்மையான சண்டை. அந்தச் சண்டையில் ஒருவன் ‘கெட்ட பேர் வாங்கினவன்’ என்றால்? அப்போது அறையின் சூடே வேறு.

2011 ஆகஸ்ட், பெங்களூரு. சர்தார் சிங், சந்தீப் சிங் இரண்டு பேரும் சொந்தக் காரணம் என்று சொல்லிவிட்டு இந்திய அணியின் கேம்ப்பை விட்டுக் கிளம்பினார்கள். அனுமதி வாங்காமல் போனார்கள் என்றது ஹாக்கி இந்தியா. ஒழுங்கு நடவடிக்கைக் குழு உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு வருடத் தடை போட்டது. இரண்டு வருடம்! அடுத்த பிப்ரவரியில் டெல்லியில் லண்டன் ஒலிம்பிக்ஸுக்கான தகுதிச் சுற்று இருந்தது. 1928 முதல் எல்லா ஒலிம்பிக்ஸுக்கும் போன இந்திய ஹாக்கி, 2008 பெய்ஜிங்குக்கு மட்டும் டிக்கெட் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருந்தது. இன்னொரு தடவை அந்த மானக்கேட்டைத் தாங்க யாருக்கும் தெம்பில்லை.

சர்தார், நடுக்களத்தில் பந்து எங்கே போக வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்பே தெரிந்தவர். சந்தீப், பெனால்டி கார்னரில் (சுருக்கமாக பி.சி.) பந்தை இழுத்துச் சுண்டுகிற டிராக் ஃப்ளிக்கில் கோல்கீப்பர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். இப்போது மேஜையைப் பாருங்கள். ஒரு பக்கம் தடை உத்தரவு. இன்னொரு பக்கம் ‘பி.சி. அடிக்க யார்?’ என்று எழுதிய வெற்றுத் தாள். அந்த இரண்டாவது தாள் என் கற்பனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒன்று யாருடைய மனதிலாவது இல்லாமலா அந்தத் தடை அவ்வளவு சீக்கிரம் கரைந்தது? இரண்டு பேரும் அணிக்குத் திரும்பினார்கள்.

2012 பிப்ரவரி 26, டெல்லி, தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரே பிரான்ஸ். இந்தியா 8-1! அதில் சந்தீப் மட்டும் ஐந்து கோல். தொடர் முழுக்கக் கணக்குப் பார்த்தால் 16. தடை போட்ட கைகளும் அன்றைக்குக் கைதட்டியிருக்கும்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்தப்போவதில்லை. அதே அணி லண்டனுக்குப் போய் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 12 அணிகளில் 12-வது இடம்.

இதே கதவிடுக்கு அமெரிக்க பேஸ்பாலில் இன்னும் பெரிதாகத் திறந்திருக்கிறது. ஜோஷ் ஹாமில்டன் என்று ஒருவர். 1999-இல் நாட்டிலேயே முதல் ஆளாக டாம்பா பே அணி பொறுக்கி எடுத்த பையன். அப்புறம் போதை, தடை, வருடக்கணக்காக ஆட்டமே இல்லை. பேஸ்பாலில் ஒரு விசித்திர விதி உண்டு. ஒரு குழு தன் பாதுகாப்புப் பட்டியலில் வைக்காமல் விட்ட ஆளை இன்னொரு குழு தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சீசன் முழுக்க அவனைப் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும். ‘கொஞ்ச நாள் சின்ன அணியில் ஆடட்டும், பார்ப்போம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடிக்கவில்லை என்றால் பழைய குழுவிடமே திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். 2006 டிசம்பரில் சிகாகோ கப்ஸ் ஹாமில்டனை அப்படித் தூக்கி, அதே சூட்டில் ஒரு லட்சம் டாலருக்குச் சின்சினாட்டி ரெட்ஸிடம் தள்ளிவிட்டது. அந்த உலகத்தில் ஒரு லட்சம் டாலர் சில்லறைக் காசு.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ரெட்ஸ் அவரை மட்டும் எடுக்கவில்லை, அவரைப் பார்த்துக்கொள்ள ஜானி நாரன் என்ற பயிற்சியாளரையும் கூடவே வைத்தது. வெளியூர் ஆட்டங்களில் ஹாமில்டனுடைய சாப்பாட்டுக் காசு அவர் கையில் இருக்காது, நாரன் கையில்தான். கோடிகளில் புரளப்போகிற ஆட்டக்காரருக்குச் சாப்பாட்டுக் காசை எண்ணிக் கொடுக்க ஒரு அண்ணன்! பிறகு ஹாமில்டன் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 2010-இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த வருடம் அணி ஜெயித்தபோது, வழக்கமான ஷாம்பெயினைத் தூரத்தில் வைத்துவிட்டு, கூட்டாளிகள் அவர் தலையில் ஜிஞ்சர் ஏல் ஊற்றிக் கொண்டாடினார்கள். நம்ம ஊரில் பன்னீர் சோடாவைக் குலுக்கிப் பீய்ச்சியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குப் பிறகும் ஹாமில்டன் போதையில் சறுக்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாரனும் ஜிஞ்சர் ஏலும் சில வருடங்களைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் என்ன வருடங்கள்!

மறுவாய்ப்பு கொடுக்கிறோம் என்கிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: சரி, சாப்பாட்டுக் காசு யார் கையில்? பேரை லிஸ்ட்டில் எழுதுவது அரை நிமிட வேலை. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் போடுவதற்குத்தான் யாரும் செலவு செய்ய மாட்டார்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. டிராக் ஃப்ளிக் அடிக்கிறவனுக்கு மன்னிப்பு வேகமாக வருகிறது. பதினெட்டாவது ஆளாக வரவேண்டிய சாதாரண ஹாஃப் ஒருவன் அதே தப்பைச் செய்துவிட்டுப் போனால், அவன் பேரை எடுத்துப் பேசக்கூட அந்த அறையில் ஆள் இருக்காது. எந்த ஊர் விளையாட்டு விடுதியிலும் இதே கதைதான். சுவர் ஏறிக் குதித்து ராத்திரி சினிமாவுக்குப் போன இரண்டு பையன்களில் கோல் போடுகிறவனுக்கு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச்சொல்லித் தண்டனை, மற்றவனுக்கு வீட்டுக்கு போன். கேம்ப்பை விட்டு ஓடியதும் சுவர் ஏறியதும் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிற தப்புகள். அவற்றைத் தாராளமாக மன்னிக்கலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி. இன்னொருவருக்குத் தீங்கு செய்தவன் விஷயம் வேறு. அங்கே கோல் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கிற உரிமை எந்தத் தேர்வுக் குழுவுக்கும் கிடையாது. அதைப் பாதிக்கப்பட்டவரிடமும் சட்டத்திடமும் விட்டுவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

தப்பே செய்யாமல் ‘பிரச்சினை பிடித்தவன்’ என்று முத்திரை வாங்குகிறவர்களும் உண்டு. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, புனே பக்கத்தில் கட்கியில் வளர்ந்த தன்ராஜ் பிள்ளையைக் கேட்டால் தெரியும். 1998-இல் பாங்காக்கில் 32 வருடத்துக்குப் பிறகு ஆசியப் போட்டித் தங்கம். கேப்டன் அவர். திரும்பி வந்த வேகத்தில் அவரையும் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லாலையும் இன்னும் சிலரையும் அணியிலிருந்து தூக்கினார்கள். ‘ஓய்வு’ என்று அதற்கு அழகான பெயர். வீரர்களின் காசு, வசதி என்று வாயைத் திறந்து பேசியவர்கள் அவர்கள். 2000 சிட்னிக்குத் தன்ராஜ் மறுபடி வந்தார். அந்த அணிக்குப் பயிற்சியாளர், 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன், நம்ம ஆரணி வாசுதேவன் பாஸ்கரன்.

சரி, கோவில்பட்டிக்குத் திரும்புவோம். இவ்வளவு நேரம் பொத்தி வைத்திருந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் வயிற்றில் தங்காது.

2022 மே மாதம். ஊருக்குள் தேசிய ஜூனியர் ஹாக்கிப் போட்டி நடக்கிறது. பஞ்சாபி, இந்தி, ஒடியா என்று எல்லாப் பேச்சும் கிருஷ்ணா நகரில் கேட்கிறது. அதே நாட்களில் கடல் தாண்டி ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கு விடுப்பு கொடுத்துவிட்டுப் புதுப் பையன்களை இறக்கியிருந்தார்கள். அந்த 20 பேர் லிஸ்ட்டில் நம்ம ஊர் மாரீஸ்வரன். கூடவே அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் ஸ்டிக் பிடித்து வளர்ந்த கார்த்தி செல்வம். லிஸ்ட் வந்த அன்றைக்கு இந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டுமா என்ன?

அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? சர்தார் சிங்! கேம்ப்பை விட்டுக் கிளம்பியதற்காக இரண்டு வருடத் தடை வாங்கிய அதே சர்தார். இடையில் 2014 இஞ்சியான் ஆசியப் போட்டியில் கேப்டனாகத் தங்கம் வாங்கி, 2018-இல் ஓய்வு பெற்று, அப்போது புதுப் பையன்களை நம்பி இறக்குகிற இடத்தில் நின்றார். அதே அணியில் ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பி வந்த பீரேந்திர லக்ரா கேப்டன். மறுவாய்ப்பும் முதல் வாய்ப்பும் ஒரே பஸ்ஸில் ஏறிய மாதிரியான அணி அது.

மே 23, முதல் ஆட்டமே பாகிஸ்தான். கார்த்திக்கு இந்தியாவுக்காக அதுதான் முதல் ஆட்டம். 9-வது நிமிடத்தில் இந்தியாவின் கோல் அவர் கணக்கில்! ஆட்டம் 1-1 என்று முடிந்தாலும் இங்கே யார் அதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்? மூன்று நாள் கழித்து இன்னொரு கூத்து. அடுத்த சுற்றுக்குப் போக இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். பையன்கள் 16-0 என்று முடித்தார்கள். அன்றைக்கே ஜப்பானோடு ஆடிய பாகிஸ்தான், மைதானத்தில் 12 பேரை நிறுத்திவைத்துப் போட்ட கோலைப் பறிகொடுத்து வெளியேறியது. லிஸ்ட்டைச் சரியாக எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கடைசியில் ஜப்பானை 1-0 என்று ஜெயித்து வெண்கலம்.

அடுத்த வருடம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. கார்த்தி அந்த அணியிலும் இருந்தார். மலேசியாவோடு ஆடிய லீக் ஆட்டத்தில் கோலும் போட்டார். இறுதி ஆட்டத்தில் அதே மலேசியாவை 4-3 என்று வீழ்த்திக் கோப்பை. அந்த நாட்களில் கோவில்பட்டியிலிருந்து எழும்பூருக்கு எத்தனை பேர் ரயிலேறினார்கள் என்பதை டிக்கெட் பரிசோதகரைத்தான் கேட்க வேண்டும்.

இப்போதும் மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் இதே பேச்சுதான். “அந்தப் பயலை எதுக்குவே ஸ்டாண்ட்-பையில போட்டாங்க? போன வருசம் கோச்சையே எதிர்த்துப் பேசினான்லா, அதானே?” என்று ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். “பேசினா என்ன அண்ணாச்சி, பி.சி.யில அவன் அடிக்கிற அடி இருக்கே!” என்று இன்னொருவர் எழும்புவார். டீ ஆறும். அடுத்த லிஸ்ட் வருவதற்குள் இந்தப் பஞ்சாயத்து முடியாது.