அன்ன ஊர்தி

கோயம்புத்தூருக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையில் அமைந்துள்ளது பெரியநாயக்கன்பாளையம். 1962-ஆம் ஆண்டில் லட்சுமி மெஷின் வொர்க்ஸ் அங்கு நிறுவப்பெற்றதிலிருந்து, நூற்பாலை இயந்திரங்களுக்கு அவ்வூர் பெயர்பெற்றது. மர மாதிரியைச் சுற்றி மணலை இறுக்கி அச்செடுத்தலும், அதில் உருக்கிய இரும்பை வார்த்தலும், வார்த்ததைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து அளவுக்குக் கொணர்தலும் அவ்வட்டாரத்தில் பலருக்குக் கைவந்த தொழில்கள்.

இத்தகைய வார்ப்படச் சாலை ஒன்றிலிருந்து வளர்ந்த நிறுவனமே, இந்தியாவின் மிக விந்தையான மோட்டார் வண்டியைச் செய்தது. இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில் லோஸ்டாஃப்ட் என்னும் துறைமுகம் உள்ளது. அங்கே ஜான் வால்டர் புரூக் என்பவர் 1874-இல் வார்ப்படச் சாலை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அந்நிறுவனம் படகுப் பொறிகளையும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளையும் செய்யலாயிற்று.

அந்நாளில் செல்வர்கள் மோட்டார் வாங்கிய முறை இக்காலத்து முறையன்று. பொறியும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டம் ஓரிடத்தில் உருவாகும்; வாங்குவோர் விரும்பும் வடிவில் அதன்மேல் கூண்டு கட்டப்படும். கரூரில் பேருந்துகளுக்குக் கூண்டு கட்டுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அக்காலத்துக் கூண்டின் எலும்பு மரம். தோல், கையால் தட்டி வளைத்த தகடு. ஆகவே ஒரு வண்டியைப் போல் மற்றொன்று இருப்பதில்லை.

கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் நிக்கல் மேத்யூசன் என்னும் செல்வர் இவ்வுரிமையை எல்லை கடந்து பயன்படுத்தினார். அன்னம் நீரில் மிதப்பது போன்ற மோட்டார் வேண்டுமென்றார். 1910-இல் அது உருவாகி வந்தது. முன்புறம் வளைந்த கழுத்தும் தலையும். பின்புறம் பொன் தகடு ஒட்டிய தாமரை வேலைப்பாடு. இருளில் அன்னத்தின் கண்கள் மின்விளக்கால் ஒளிர்ந்தன. பொறியின் வெந்நீர் அலகு வரை குழாய் வழியே சென்றது. ஓட்டுநர் விரும்பியபோது அலகு திறந்து, ஆவியைச் சீறியது! வெளியேறும் புகையால் எட்டுச் சுரங்களில் ஒலிக்கும் ஊதுகொம்பை, பின்னிருக்கையில் அமர்ந்தவர் ஆர்மோனியம் போல் கட்டைகளை அழுத்தி வாசிக்கலாம். ஓட்டுநருக்கு ஆணையிட, கப்பலில் மீகாமன் பொறியறைக்குச் செய்தி அனுப்பும் கருவி இருந்தது. சக்கரங்களில் ஒட்டும் யானை இலத்தியைத் துடைக்கத் தூரிகைகள் இருந்தன. இவையும் போதாவென்று, அன்னம் எச்சமிட்டதுபோல் பின்னாலிருந்து சாலையில் சுண்ணாம்புக் குழம்பைக் கொட்டவும் ஒரு வழி செய்திருந்தனர்.

முதல் நாள் உலாவிலேயே கல்கத்தாத் தெருக்களில் மக்கள் அஞ்சிச் சிதறினர். காவலர் தலையிட நேர்ந்தது. செல்வரின் வேடிக்கைக்கு நடந்து செல்வோர் விலை கொடுத்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னர் அவ்வூர்தி பஞ்சாபிலிருந்த நாபா நாட்டு மன்னர் குடும்பத்தின் உடைமையாயிற்று. 1920-ஐ ஒட்டி, அதற்குத் துணையாக மின்கலத்தால் ஓடும் சிறிய அன்னக்குஞ்சு ஒன்றும் செய்யப்பெற்றது. அப்போது நாபாவை ஆண்டவர் ரிபுதமன் சிங். 1923-இல் ஆங்கில அரசு அவரை அரியணையிலிருந்து விலகச் செய்தது. 1928-இல் கொடைக்கானலுக்கு நாடு கடத்தியது. பழனி மலைத்தொடரின் குளிரில் வாழ்ந்த அம்மன்னர் 1942-இல் அங்கேயே மறைந்தார். அன்னமோ நாபாவிலேயே கிடந்தது; கவனிப்பாரற்றுப் பல்லாண்டுகள் கழிந்தன.

1991-இல் நெதர்லாந்து நாட்டின் லௌமன் அருங்காட்சியகத்தார் அதனை வாங்கிச் சீர்திருத்தினர். ஒன்றே ஒன்றாகச் செய்யப்பெற்ற வண்டிக்கு உதிரி உறுப்புகள் எந்தக் கடையிலும் கிடையா. இத்தகைய வண்டியில் ஓர் உறுப்பு காணாமற்போனால் மாதிரி செதுக்கி, அச்செடுத்து, வார்த்து, கடைந்தே பெறுதல் வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்துத் தொழிலாளி செய்யும் அதே வேலைதான். ஆயினும் கைத்திறனினும் அரியது, எதை மாற்றாமல் விடுவது என்னும் தெளிவு. உளுத்த மரத்தையெல்லாம் களைந்துவிட்டால் எஞ்சுவது பழைய வண்டியா, அதன் புதிய நகலா? ஆதலின் தேர்ந்தோர் பழைய ஒளிப்படங்களை ஆராய்வர்; வலுவுள்ள பகுதியைத் தேய்ந்திருப்பினும் காப்பர்; தாங்காததை மட்டும் புதிதாய்ச் செய்வர்.

இந்தியச் சாலைகளுக்கென்றே பிறந்த ஊர்தி கடல் கடந்து போனது இழப்பே. இங்கேயே கிடந்திருந்தால் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே. இன்று தி ஹேக் நகரில் உள்ள லௌமன் அருங்காட்சியகத்தில், கல்கத்தாவை நடுங்கச் செய்த அன்னமும் நாபாவில் தோன்றிய குஞ்சும் சேர்ந்து நிற்கின்றன.