கைக்கெட்டும் கடல்

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே, கோடியக்கரையிலிருந்து இராமேசுவரம் தீவு வரை வளைந்து கிடப்பது பாக் விரிகுடா. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என முஸ்லிம்கள் தொன்றுதொட்டு வாழும் ஊர்கள் இக்கரையில் பல. மரக்கலமேறி வாணிபம் செய்த முன்னோரின் வரலாற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம். அதே கரையில் வலையை நம்பி வாழும் சகோதரர்களின் வாழ்வும் நம் கவனத்துக்கு உரியதன்றோ?

கடல் என்றவுடன் ஆழமே நம் நினைவுக்கு வரும். இந்த விரிகுடாவோ ஆழமற்றது. இதன் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டருக்கும் குறைவே. கரையோரத்தில் சேறும் மணலும் கலந்த தரை மிக மெல்லச் சரிந்து செல்வதால், இடுப்பளவு நீரிலேயே நெடுந்தூரம் நடந்து போகக்கூடிய இடங்கள் உண்டு. அலையும் அடங்கியது. மீன்குஞ்சுகளும் இறாலும் நண்டும் அஞ்சாமல் வளரும் தொட்டிலாக வல்ல இறைவன் இதனை அமைத்திருக்கின்றான்.

வாடை தணியும் பருவம்

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று இக்கடலை நேரே தாக்குகிறது. நீர் கலங்கிச் சேறாகிறது. சிறு வள்ளங்கள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கின்றன. அக்காலத்தில் இராமேசுவரம், பாம்பன் பகுதி மீனவர் பலர் வடகடலை விட்டுத் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்பிவிடுவர். தை பிறந்து மாசியும் வரும்போது வாடை தணிகிறது. கலங்கல் படிகிறது, வெயில் தரைவரை இறங்குகிறது. குளிர்காலத்தின் அந்தக் கடைசி வாரங்களில், மடவை, ஓரா, ஊடகம், காரல், கொடுவா என்று பலவகை மீன்களை நாடிக் கரையோர வலைகள் மீண்டும் நீரில் இறங்குகின்றன.

இங்கே நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆயினும் தரை சமமாக இருப்பதால், அச்சிறு ஏற்றமே நீரை வெகுதூரம் உள்ளே கொண்டுவந்து விடுகிறது. ஏறும் நீரோடு இரை தேடி வரும் மீன், வற்றும் நீரோடு திரும்பும். திரும்பும் வழியில் கழிகளை நட்டு, வலையை வேலிபோல் வளைத்துக் கட்டுவதே கலங்கட்டி முறை. இதற்கு எந்திரம் வேண்டியதில்லை. நீரின் போக்கை அறிந்த அறிவே போதும்.

அந்த அறிவு பிறைக் கணக்கில் இருக்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீரேற்றம் மிகும். அரைநிலா நாட்களில் குறையும். ஆகவே பிறை 1, 2, 15, 16 பெருக்கு நாட்கள். 8, 22ஐ ஒட்டியவை தணிந்த நாட்கள். நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கும் சமுதாயத்திற்கு, அதே பிறை வலை கட்டும் நாளையும் சொல்லித் தருகிறது. 2026, 2027ஆம் ஆண்டுகளின் ரமலான் தொடக்கம் பிப்ரவரியில் அமைவதால், இப்பருவத்து உழைப்பு நோன்போடும் இணைகிறது. ஸஹர் உணவை முடித்துக்கொண்டு குளிர்நீரில் இறங்கி, நாவறட்சியோடு வலை இழுக்கும் உழைப்பாளியின் உணவு எத்துணைத் தூய்மையானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீருக்கடியில் ஒரு மேய்ச்சல் நிலம்

இவ்வளவு வளத்திற்கும் அடிப்படை, ஆழமற்ற தரையில் படர்ந்திருக்கும் கடற்புல். இது பாசியன்று, வேரும் பூவும் உடைய தாவரம். வேர்கள் சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இலைகளுக்கிடையே குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை இப்புல்லை மேய்ந்தே வாழ்கிறது. அருகிவரும் அதனைக் காப்பதற்காக, 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது.

ஆனால் தரையைச் சுரண்டிச் செல்லும் இழுவை மடி இப்புல்லை வேரோடு பெயர்த்துவிடுகிறது. விற்பனைக்கு ஆகாத குஞ்சுகளும் அதில் குவிகின்றன. இதைத் தடுக்கவே வரம்புகள் வகுக்கப்பட்டன. கரையோரக் கடலில் விசைப்படகுகள் தொழில் செய்வதைத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் (1983) தடுக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு ஓய்வு. இராமேசுவரப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுக்கு நான்கு நாள் என்ற முறையும் ஏற்பட்டது. வரம்பு மீறப்படும்போது முதலில் அறுபடுவது ஏழையின் வலையே.

ஸப்த் நாள் தரும் படிப்பினை

கடல் வேட்டையை நமக்கு ஆகுமாக்கியிருப்பதாகத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் அறிவிக்கிறது. அல்அஃராஃப் அத்தியாயமோ கடலோர ஊரொன்றின் வரலாற்றைக் கூறுகிறது. அவ்வூராருக்கு ஸப்த் எனும் சனிக்கிழமையில் மீன்பிடித்தல் விலக்கப்பட்டிருந்தது. அந்நாளில்தான் மீன்கள் கண்முன்னே திரண்டு வந்தன. கைக்கெட்டும் தூரத்தில் வந்த அந்த வளமே அவர்களுக்குச் சோதனையாயிற்று. முன்னாளே வலை விரித்து வைத்து, மறுநாள் எடுத்துக்கொண்டு, தாங்கள் வரம்பு மீறவில்லை என்று அவர்கள் சாதித்ததாக விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். தவறு செய்தோர் ஒரு கூட்டம். தடுத்தோர் ஒரு கூட்டம். உபதேசித்துப் பயன் என்ன என்று கேட்டோர் மற்றொரு கூட்டம். தடுத்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்பதை இறைமறை தெளிவாகச் சொல்கிறது.

ஆழமற்ற கடலில் எல்லாமே கைக்கெட்டும். ஆதலால் கையை எங்கே நிறுத்துவது என்பதே இங்கு முதற்கேள்வி. படகுச் சொந்தக்காரரிலும் வலைத் தொழிலாளியிலும் மீன் வணிகரிலும் நம்மவர் இருக்கின்றனர். விரல் நீளமுள்ள குஞ்சு மீனைச் சந்தையில் வாங்காமல் விடும் இல்லத்தரசிக்கும் இதில் பங்குண்டு. வெள்ளிமேடைகளும் ஜமாஅத் கூட்டங்களும் இவ்வமானிதத்தைப் பற்றிப் பேசினால், தடுத்தவர்களின் அணியில் நாமும் சேரலாம்.

நமக்குப் பின் வரும் மக்களும் மாசி மாதத்து விடியலில் அக்கடலில் இறங்கி, ஹலாலான ரிஸ்கோடு கரையேற வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.