வெற்றுப் பாரத்தில் கையெழுத்தா? வேண்டவே வேண்டாம்!

கார் கடைக்குள் நுழைந்ததும் குளிர்பானம் வரும். "உட்காருங்கண்ணே" என்ற உபசரிப்பும் வரும். இனிக்க இனிக்கப் பேசுவது அவர்கள் தொழில். கேட்டுத் தெரிந்து வாங்குவது உங்கள் பொறுப்பு. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த காசல்லவா அது?

"இங்கே கையெழுத்துப் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று விற்பனையாளர் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். பூர்த்தி செய்யாத பாரத்தில் கையெழுத்துக் கேட்பதை மலேசியாவின் 1967ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பே ரொக்க விலை, முன்பணம், வட்டி, தவணை எல்லாம் எழுத்தில் உங்கள் கைக்கு வரவேண்டும்.

மாதத் தவணையை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். 30,000 வெள்ளிக் கடனை மாதம் 575 வெள்ளியாக 5 ஆண்டு கட்டினால் மொத்தம் 34,500 வெள்ளி. "மாதம் 353 வெள்ளிதான்" என்று 9 ஆண்டுக்கு இழுத்தால் 38,124 வெள்ளி! கூடுதலாகப் போகும் மூவாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகாதா?

இலவசமாகத் தருவதாகச் சொல்லும் பொருளையும், பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லும் வாக்கையும் எழுதி வாங்குங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம், வக்கீல் தேவையில்லை.

ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல, படித்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அவசரம் விற்பவருக்குத்தான், உங்களுக்கு எதற்கு?