ஐஸ் பெட்டியில் ஒரு சிறுநீரகம்

காப்பார், கிள்ளான் பக்கம் டயாலிசிஸ் என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வாரம் மூன்று முறை, முறைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். அதிலிருந்து விடுபட வழி மாற்றுச் சிறுநீரகம்தான். மலேசியாவில் முதல் மாற்று அறுவை 1975இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. ஓர் உடலைவிட்டு வந்த சிறுநீரகம் இன்னோர் உடலுக்குள் போகும்வரை குளிர்ந்த திரவத்தில் கிடக்கும். அந்தத் திரவமாக வெறும் உப்புநீர் போதாதா?

போதாது. சிறுநீரகச் செல்லுக்குள் புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவை வெளியேற முடியாதவை; பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டவை. அவற்றால் சோடியமும் குளோரைடும் உள்ளே வரப் பார்க்கும், பின்னாலேயே தண்ணீரும். செல்சவ்வில் உள்ள ஒரு பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஓட்டைப் படகில் ஓயாமல் நீர் இறைப்பவரின் வேலை. 1957இல் நண்டு நரம்பில் இதைக் கண்டவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ. நோபல் பரிசு 1997இல்தான் வந்தது. குளிரில் பம்ப் ஏறக்குறைய நின்றுவிடும். சோடியம் புகும், பொட்டாசியம் கசியும், செல் ஊதும்.

செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளை வெளியிலும் வைத்தால், உள்ளே இருக்கும் புரதத்தின் இழுப்புக்கு எதிர் இழுப்பு கிடைக்கும். 1967இல் அமெரிக்காவில் ஃபோல்கர்ட் பெல்சரின் குழு, புரதம் நிறைந்த ரத்தப் பிளாஸ்மாவைப் பாய்ச்சியே நாய்ச் சிறுநீரகங்களை 72 மணி நேரம் காத்தது. (ரத்தப் புரதமான அல்புமின் சிறுநீரில் ஒழுகினால் கால் வீங்குமே, அது வேறு சங்கதி. அங்கே நீர் தேங்குவது செல்களுக்கு இடையில்.)

1969இல் ஜெஃப்ரி காலின்ஸ் வேறு வழி பிடித்தார். செல்லுக்குள் இருப்பதுபோலவே வெளியிலும் பொட்டாசியத்தைக் கூட்டி, சோடியத்தைக் குறைத்தார். வெளியே கசியப் பொட்டாசியத்துக்குக் காரணமில்லாமல் போயிற்று. இளநீரைக் குறைக்கச் சொல்லி நோயாளிகளை எச்சரிக்கும் அதே பொட்டாசியம், இங்கே காவல்காரன்!

1980களில் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் விஸ்கான்சினில் இரண்டு வழிகளையும் சேர்த்தார்கள். செல்லுக்குள் போகாத லாக்டோபயோனேட். பயறுகளில் உள்ள ரஃபினோஸ் சர்க்கரை. கூடவே புரதத்துக்குப் பதிலாக ஒருவகை ஸ்டார்ச். ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டாத அந்த ஸ்டார்ச் திசுவில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஐஸில் சும்மா வைத்திருக்கும் உறுப்புக்கு அது வேண்டுமா என்று பின்னர் சர்ச்சை எழுந்தது. வேண்டும் என்ற தரப்பு எனக்குப் பலவீனமாகத்தான் படுகிறது: ஸ்டார்ச்சே இல்லாத திரவங்களிலும் சிறுநீரகங்கள் நன்றாகவே பிழைக்கின்றன.