கண்மாய்க்குள் நாலு கருவை நிற்கட்டும்

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்ததிலிருந்து, காடு பார்க்கப் போகிறவர்களுக்கு மலைதான் கண்ணில் நிற்கிறது. புலி அங்கே, சாம்பல் நிற அணில் அங்கே, இருவாச்சியும் அங்கே. கார்கள் சாத்தூரையும் சிவகாசியையும் தாண்டி மேற்கே பறக்கின்றன. வழியில் கிடக்கும் கண்மாய்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

சாத்தூருக்கு வெயில்தான் சோறு போடுகிறது. மழை பிடித்தால் தீப்பெட்டிக் குச்சி காயாது, பட்டாசுக்குப் போட்ட மருந்தும் காயாது. தீபாவளிச் சரக்கு லாரி ஏறிய பிறகு அடைமழை இறங்கினால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கண்மாயில் நீர் ஏறும். வலசைப் பறவைகள் வந்து சேரும் நேரமும் அதுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். தொலைவில் புகைபோல ஒன்று எழும்பும். சுருளும், விரியும், வைரி ஒன்று உள்ளே பாய்ந்தால் இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சூறைக்குருவிகள். கறுத்த தலை, கறுத்த இறக்கை, நடுவே வெளிறிய ரோஜா நிற உடம்பு. கடைசியில் அத்தனையும் மரக்கூட்டத்துக்குள் கொட்டியதுபோல் இறங்க, அப்புறம் அரைமணி நேரம் ஒரே இரைச்சல். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருகிற பறவை இது. சோளக்கதிரில் வாய் வைக்கும் என்று கரிசல்காட்டு விவசாயிக்கு இதன்மேல் கோபம் உண்டு. ஆனால் வெட்டுக்கிளியையும் புழுவையும் தின்று தீர்ப்பதும் இதுதான். சீனாவின் சின்சியாங்கில் வெட்டுக்கிளியை அடக்க, இது கூடு வைப்பதற்கென்றே கற்களைக் குவித்துக் கொடுக்கிறார்கள். 2018 முதல் மக்காச்சோளத்தில் படைப்புழுவோடு மல்லுக்கட்டும் நம் சம்சாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

என் கவலையெல்லாம் இவை அடையும் அந்தக் கண்மாய் மரங்களைப் பற்றித்தான். குடிமராமத்து என்று பொக்லைன் இறங்கினால் வேலிக்கருவையோடு நாட்டுக்கருவையும் சேர்ந்தே போகிறது. கண்மாய் ஆழமாகிறது, சந்தோஷம். தண்ணீருக்கு நடுவே பறவை உட்கார ஒரு கிளை இல்லை. வேலிக்கருவை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்கிறார்கள். அதை எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. நாட்டுக்கருவை என்ன பாவம் செய்தது? கண்மாய்க்குள் வளர்ந்து, முழங்கால் தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் சாகாத மரம் அது. நரியும் பூனையும் எட்டாத அந்த முள்ளுக்குள்தான் நாரைகள் கூடு வைக்கின்றன.

வெடிச்சத்தத்துக்குப் பயந்தே இந்தப் பக்கம் பறவை தங்குவதில்லை என்பவர்களும் உண்டு. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாதவர்கள். ஆனால் அவர்கள் ஊரை ஒட்டிய வேட்டங்குடிச் சரணாலயக் கண்மாய்களில் மரமும் நிற்கிறது. சத்தம் ஓய்ந்தாலும், மரம் இல்லாத கண்மாயில் நாரை எங்கே கூடு கட்டும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. தூர் வாரும் மண்ணை எல்லாம் கரைக்கே ஏற்றாமல், கண்மாய்க்குள் இரண்டு மூன்று திட்டுகளாகக் குவித்து நாட்டுக்கருவை விதையைத் தூவலாம். இருக்கிற மரங்களை ஏலம் விட்டே ஆக வேண்டுமென்றால், கூட்டில் குஞ்சு இருக்கும் தை, மாசியில் கோடாரி விழக்கூடாது. குஞ்சுகள் பறந்து போனபின், வைகாசிக்கு மேல் வெட்டிக்கொள்ளலாம். ஏலத்துக்குத் தேதி குறிக்கும்போதே இதை எழுதிவிட்டால் போதும்.