கடலும் மூடும், பள்ளிக்கூடமும் மூடும்

இதுவரை பள்ளிச் சமையற்கூடத்தில் அடுப்பு எரியும் நாட்களைப் பார்த்தோம். இந்த வாரம் அது பூட்டிக் கிடக்கும் நாட்கள்.

தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது திருப்பாலைக்குடி. இந்தக் கரையில் ஏப்ரல் 15 பிறந்தால் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள். 2017 முதல் 61 நாள், ஜூன் 14 வரை. பள்ளிக்கு ஏப்ரல் கடைசியில் விடுமுறை விட்டு ஜூன் தொடக்கத்தில் திறக்கிறார்கள். அதாவது விடுமுறை முழுவதும் தடைக்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அப்பா தொழிலுக்குப் போக முடியாத அதே வாரங்களில்தான் பிள்ளைக்குச் சோறு போடும் பள்ளியும் மூடுகிறது.

நாட்டுப்படகுக்குத் தடை இல்லைதான். ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், மீன் பிரிக்கும் பெண்கள் எல்லோருக்கும் வரும்படி அறுந்துபோகிறது. வயலுக்குப் போகலாமென்றால் இந்த ராமநாதபுரம் மாவட்டம் மானாவாரி பூமி. அறுப்பு முடிந்தால் அங்கும் வேலை இல்லை. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் மிச்சம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய உயர்வு. 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய்.

ரேஷன் அரிசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; 2011 ஜூன் முதல் விலையில்லாமலே. விடுமுறையில் பிள்ளை இழப்பது வெறும் சோற்றை அல்ல. வாரம் 5 முட்டை, பருப்பு, காய்கறி. காலை உணவுத் திட்டம் வந்தபின் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்குக் காலைப் பலகாரமும் சேர்ந்து போகிறது. முன்பு கோடையில் ஒரு வேளை போனது, இப்போது இரண்டு வேளை.

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை மதிய உணவை உரிமையாக்கியது. பள்ளி விடுமுறை நாட்களை மட்டும் விலக்கிவைத்தது. ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2004 ஏப்ரல் 20 அன்று, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக ஆணையிட்டிருந்தது: வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும். 2016 மே மாதம் இன்னொரு வழக்கில், வறட்சி கண்ட மாநிலங்களுக்கு அதையே திரும்பச் சொன்னது. வறட்சிக்குப் பேர்போன இந்த மாவட்டத்தில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? வானம் பொய்த்தால் உண்டு என்கிற சலுகை, அரசே கடலை மூடும்போதும் இருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

முடியாத காரியமல்ல. கொரோனா ஊரடங்கில், 2020 மே மாதத்துக்காக, சத்துணவு சாப்பிடும் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் 3.1 கிலோ அரிசியும் 1.2 கிலோ பருப்பும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுத்தது தமிழ்நாடு அரசு. நாளுக்கு 100 கிராம் அரிசி, மே மாதத்தின் 31 நாளுக்கும். அமெரிக்காவில் 1975 முதலே கோடை உணவு நிரந்தரத் திட்டம். 2024 முதல் பல மாநிலங்களில் பிள்ளை ஒன்றுக்குக் கோடைக்கு 120 டாலர் அட்டையில் ஏறுகிறது.

என்னைக் கேட்டால் உலர்பொருளைவிடச் சமைத்த சோறே நல்லது. வீட்டுக்கு வரும் பருப்பு எல்லோருக்குமான குழம்பில் கரைந்துவிடும். தட்டில் வைக்கும் முட்டை அந்தப் பிள்ளைக்குத்தான். கூடம் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்று அறிந்த சமையலர் அதே ஊரில் இருக்கிறார்.

பூட்டிய கூடத்துக்கு ஒரு மாற்றும் இருந்தது: 2018, 2019 கோடைகளில் ரமலான் மே மாதத்தில் வந்தது. பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைச் சாதி மதம் பாராமல் தூக்குவாளியில் வாங்கிப்போவது இந்தக் கரையோர வழக்கம். பிறை நகர்ந்து நகர்ந்து, நோன்பு இப்போது பள்ளி நடக்கும் மாதங்களுக்குப் போய்விட்டது. அது மீண்டும் கோடைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

6 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அங்கன்வாடியில் விசாரியுங்கள். ஆண்டுக்கு 300 நாள் உணவு என்பது அங்குள்ள கணக்கு; பள்ளி நாட்காட்டி அதைக் கட்டுப்படுத்தாது. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வழி மே 1. அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். கடலும் மூடியிருக்கும், பள்ளியும் மூடியிருக்கும். தடைக்காலம் முடியும்வரை எங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தைத் திறந்து சமைக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். 2004 ஆணையின் தேதியையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)