7 நிமிடத்தில் போகுது போலீஸ் வேலை! மெதுவாக ஓடிப் பழகினால் ஜெயிக்கலாம்

எழுத்துத் தேர்வில் பாஸ். உயரம், மார்பளவு எல்லாம் சரி. ஆனால் 1,500 மீட்டர் ஓட்டத்தில் மூச்சு வாங்கி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார் வாலிபர். போனது போலீஸ் வேலை!

போலீஸ் தேர்வு மைதானங்களில் கண்ணீரோடு வெளியே வருகிறவர்களின் கதை இதுதான்.

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம், வ.உ.சி. மைதானம் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். போலீஸ், ராணுவம் என்று கனவு காணும் வாலிபர்கள் ஒரு பக்கம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயந்து வந்த குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டு கோஷ்டியும் செய்யும் தப்பு ஒன்றேதான். எடுத்த எடுப்பிலேயே நாலுகால் பாய்ச்சல்!

கணக்குப் பாருங்கள்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம்.

400 மீட்டர் சுற்றுள்ள மைதானத்தில் 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி கிடைக்கிறது. இது பறக்கிற வேகம் அல்ல. சாவகாசமாக சைக்கிள் மிதிக்கிற வேகம்தான்!

ஆனால் நடப்பது என்ன? பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து ரோஷம் வந்து, முதல் சுற்றை ஒன்றேகால் நிமிடத்தில் முடிக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் கால் கனக்கிறது. மூன்றாவது சுற்றில் நடை. முதல் சுற்றில் மிச்சம் பிடித்த விநாடிகள் கடைசியில் வட்டியோடு போய்விடுகின்றன.

ஷூ தொழிலாளி கண்ட ரகசியம்

நியூசிலாந்துக்காரர் ஆர்தர் லிடியார்ட். ஷூ தொழிற்சாலையில் வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் ஓடி ஓடி, தன் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கினார். முதலில் தூரம் பழக வேண்டும், வேகம் அப்புறம் தானாக வரும் என்பதுதான் அவர் கண்ட முறை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் இருவர் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில். முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரில். உலகமே வாயைப் பிளந்தது! பிறகு ஆக்லாந்து நகரில் தொப்பை போட்ட வியாபாரிகளையும், இதய நோய் கண்டவர்களையும்கூட மெதுவாக ஓட வைத்தார்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. சென்னை மேயராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்த மா.சுப்பிரமணியன், 2004-ல் சாலை விபத்தில் பலத்த காயம் அடைந்தவர். 50 வயதைத் தாண்டிய பிறகு நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி, 100-க்கும் அதிகமான அரை மாரத்தான்களை முடித்தார். அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டர். முழு மாரத்தான் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். நெல்லையில் கிளம்பினால் அம்பாசமுத்திரத்தையும் தாண்டி ஓடணும்!

எப்படி ஆரம்பிப்பது?

முதல் வாரம் 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை. இப்படியே அரை மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் குறைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓடலாம்.

வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம். வாய் போதும்! ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஊர்க்கதை பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு திக்கினால் குறையுங்கள்.

மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும் நரம்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கு ஆகும். "மூச்சுதான் வாங்கலையே" என்று தூரத்தைத் திடீரென்று கூட்டினால் முழங்காலுக்குக் கீழே வலி வந்து படுக்க வேண்டியதுதான்.

வேலைக்காக ஓடுகிறவர்கள் இந்த அடித்தளம் போட்ட பிறகு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேக ஓட்டம் பழகலாம். தேர்வு நாளில் முதல் சுற்றை அடக்கி ஓடி, கடைசிச் சுற்றில் பாய வேண்டும்.

40 வயது தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரி!

வெயிலும் வண்டியும்

நெல்லை வெயில் யாரையும் விடாது. சூரியன் மேலே ஏறும் முன்பே ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். தலை சுற்றினாலோ, வெயிலில் குளிர் நடுங்கினாலோ நிழலில் உட்கார்ந்து உடம்பை நனைக்க வேண்டும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ குடித்தால் தெம்பு.

வெயிலைவிட மோசமான எதிரி வண்டி. 89 வயதில் ஓட ஆரம்பித்து, 2011-ல் 100 வயதில் டொராண்டோ மாரத்தானை முடித்ததாகப் புகழ்பெற்றவர் பஞ்சாபின் பௌஜா சிங். கால் ஓயவில்லை. ஆனால் 2025 ஜூலை 14-ந் தேதி, சொந்த ஊர் ரோட்டில் கார் மோதி இறந்தார். அப்போது வயது 114 என்றார்கள்.

எனவே நான்குவழிச் சாலை வேண்டவே வேண்டாம். மற்ற ரோடுகளில் வண்டி எதிரே வரும்படி வலது ஓரமாக ஓடுங்கள். வெள்ளைச் சட்டை போடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

ஆற்றங்கரைச் சுகம்

முதல் ஒரு மாதம்தான் கஷ்டம். "என்ன அண்ணாச்சி, நாய் விரட்டுதா?" என்று கேலி செய்வார்கள். கண்டுகொள்ளாதீர்கள்.

பிறகு பாருங்கள். 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தின் ஓரமாக, தாமிரபரணிக் காற்று முகத்தில் அடிக்க, கிழக்கே வானம் சிவக்கிற நேரத்தில் ஓடுகிற சுகம் தனி. அதற்குக் காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. அன்றைக்குக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாலும், ஆபீசில் பைலைப் பிரித்தாலும் மனசு லேசாக இருக்கும்.

இந்த ஆறு பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர 128 கிலோமீட்டர் போகிறது. கிட்டத்தட்ட மூன்று மாரத்தான் தூரம்!

"இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்று ஆசை இருக்கும்போதே ஓட்டத்தை நிறுத்துங்கள். அப்போதுதான் அடுத்த முறையும் கால் தானாக ஷூவைத் தேடும்.